கல் குடித்த காற்று

திங்கட்கிழமை என்றால் பாட்டில் பெட்டி பதினொன்றரைக்கு வந்துவிடும். அன்றைக்கு ஒன்றே முக்காலுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் வண்டி ஓட்டும் டிரைவர். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட எட்டு வயது மூத்த மேலாளர்கூட அப்படித்தான். மூடிப்போன ஒரு சுரங்கத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சோதிப்பது அந்தக் கூடத்தின் வேலை. வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து இடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருபவர் அவள் கணவர். பெட்டியை வைத்துவிட்டு, கையெழுத்துப் புத்தகத்தை நீட்டி, "மேடம், சரக்கு வந்திருக்கு, பாத்து வாங்கிக்கங்க" என்பார். பதினொரு வருஷமாக அதே கேலி. அவளும் பதினொரு வருஷமாகச் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு எங்கே?" என்று கேட்டாள்.

டிரைவர் கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். வெயில் தலைக்கேறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தால் மூன்று பாட்டிலில்தான் தண்ணீர் இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் காலி. பாதி வேலையோடு அனுப்பிவிட்டு மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று கொஞ்சம் எரிச்சல் வந்தது. சரி, இருக்கிறதை முடிப்போம் என்று முதல் மூன்றையும் பதிவேட்டில் ஏற்றினாள். அமில அளவு பார்த்தாள். ஆறு புள்ளி எட்டு. ஐந்து புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பது. மூன்றாவது எண்ணை எழுதி முடித்தபோது மேலாளர் வந்து, பேனாவை அவள் கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். நான்காவது இடம், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவுக்கல் குவியலின் அடிவாரம். குவியல் என்றால் சின்ன மலை. அதன் அடியில் கசியும் தண்ணீரை ஒரு குழாய் வழியாகக் கொண்டுவந்து ஒரு தொட்டியில் விட்டிருந்தார்கள். தொட்டிக்கு மேல் தகரக் கொட்டகை. ஒரு கதவு, உள்ளே இறங்க மூன்று படி. கிணறு இல்லை, சுரங்கப் பாதை இல்லை. தோட்டக்காரர் மண்வெட்டி வைக்கிற கொட்டகை அளவுதான். அதற்குள் காற்று இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷமாகியும் வரவில்லை என்று டிரைவர் போய்ப் பார்த்திருக்கிறார். தொட்டி ஓரத்தில் அவர் குப்புறக் கிடந்தார். டிரைவர் இரண்டு படி இறங்கியதும் முழங்கால் இரண்டும் கழன்ற மாதிரி ஆகிப் பின்பக்கமாக வெளியே வந்து விழுந்தார். அப்படி வெளியே விழுந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. தீயணைப்பு ஆட்கள் சிலிண்டர் மாட்டிக்கொண்டு வந்து சேர நாற்பது நிமிஷம். அதுவரை டிரைவர் வாசலில் நின்று உள்ளே தெரிந்த இரண்டு செருப்புக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், திங்கட்கிழமைகளில் செய்கிற மாதிரி பெட்டியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயது, வெயில், நம்புகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் டிரைவர் விடவில்லை. தன் முழங்கால் கதையைப் போலீசிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். மூன்றாம் நாள் யாரோ ஒரு மீட்டரைக் கம்பியில் கட்டிக் கொட்டகைக்குள் இறக்கினார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு இருபத்தொன்று பங்கு ஆக்சிஜன். அங்கே இரண்டு இருந்தது.

அவள் அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவரை எடுத்துக்கொண்டு போன அன்று கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று வாசல்வரை வந்து திரும்பிப் போய்ப் பார்த்தாள். அதே வீட்டில் கூடவே இருந்த நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், அழுது அழுது குரல் கட்டிப்போய், "அண்ணி, நீங்களும் கொஞ்சம் அழுதுடுங்களேன்" என்று கெஞ்சினாள். வந்தால் அழமாட்டேனா என்று அவளுக்குத் தோன்றியது. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. தொட்டால் தொடுவது தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனாள். வீட்டில் இருந்து என்ன செய்வது. கழுவாமல் கிடந்த குடுவைகளைக் கழுவினாள். அடுத்து, திருப்பி அனுப்பிய மாதிரிகளின் சீட்டுகளை அடுக்கும்போது தன் கையெழுத்திலேயே ஒரு சீட்டு அகப்பட்டது. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. "நான்காம் இடம். தண்ணீரில் தூசி. மாதிரி செல்லாது. இனிமேல் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கவும்." கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் ஒரு சல்யூட் அடிக்கும் குச்சி மனிதன் படம்.

அன்றைக்கு இந்தச் சீட்டை எழுதியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போதுகூட அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "துளிக் கரன்ட் அளக்கறவ உனக்கு மைக்ரோ ஆம்பியர்னு நான் பேரு வெச்சது சரிதான். கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் கோவம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டார். அவள் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, அடுக்கில் அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வந்தாள். இவள் வயதுதான் இருக்கும். கால் சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்ததால் நொண்டி நொண்டி வந்தாள். கூடவே நாலு சாக்குக் கல். குவியலின் வெவ்வேறு ஆழத்தில் தோண்டி எடுத்தது. இந்தக் கல் எவ்வளவு வேகமாக ஆக்சிஜனை இழுக்கிறது என்று அளந்து தர முடியுமா என்று மேலாளரிடம் கேட்டாள். மேலாளர் சங்கடத்தோடு கதவுப் பக்கம் பார்த்தார். வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாமே, எங்கள் ஆட்களில் இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் யார் என்று உங்களுக்கே தெரியும் என்று இழுத்தார்.

"நானே செய்யறேன்" என்றாள் கதவருகில் நின்றிருந்த அவள்.

அதிகாரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு, பாதிக் கல் இன்னொரு கூடத்துக்குப் போகும், இரண்டு முடிவும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வேன், அதில் உங்களுக்கு வருத்தம் இல்லையே என்றாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளும் சொன்னாள்.

சாக்கைக் கொட்டிப் பார்த்தால் பாதிக் கல்லில் பைரைட் மின்னியது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கும், விவரம் தெரியாதவர்கள் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அவள் நல்ல துண்டாக மூன்றைத் தேர்ந்தெடுத்து அறுத்தாள். பின்பக்கம் வெள்ளிப் பசையால் கம்பி ஒட்டி, ஒரு முகம் மட்டும் தெரிகிற மாதிரி பிசினில் பதித்தாள். உப்புத்தாளில் தேய்த்தாள். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், வழவழப்பான தாள், கடைசியில் மாவு மாதிரியான அலுமினாப் பொடி. கல்லின் முகம் கண்ணாடியாகும்வரை தேய்க்க வேண்டும். முன்பெல்லாம் இந்த வேலையில் தோள் வலிக்கும். இப்போது வலித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்று துண்டையும் முடித்து நிமிர்ந்தபோது விரல் நுனி தோல் உரிந்து பொடியில் சிவப்புக் கலந்திருந்தது. பொடியைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்துக்கொண்டாள்.

கல்லைத் தண்ணீரில் முக்கிக் கம்பியைக் கருவியில் மாட்டினால் மின்னோட்டம் திரையில் கோடாகத் தெரியும். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டால் கோடு ஏறியது. நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டினால் கோடு இறங்கித் தரையைத் தொட்டது. மறுபடி காற்று, மறுபடி ஏற்றம். குவியலிலிருந்து வந்த துருத் தண்ணீரில் நாலு சொட்டு சேர்த்ததும் கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அளவை மாற்றி வைத்து மறுபடி எடுத்தாள். இன்னொரு பக்கம் ஈரக் கல்லை உடைத்து, காற்றுப் புகாத ஜாடிகளில் போட்டு, மூடியில் ஆக்சிஜன் மீட்டர் வைத்தாள். மூன்றாம் நாள் பதினேழு. எட்டாம் நாள் பதினொன்று. தினமும் காலையில் வந்ததும் கைப்பையை மாட்டுமுன் ஜாடிகளைத்தான் பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் நாத்தனார் கேட்டாள், "அண்ணி, கல்லு எப்படி காத்தைக் குடிக்கும்? எனக்குப் புரியவே மாட்டேங்குது. எல்லாரும் கேக்கறாங்க, கவுன்டர்ல நின்னுக்கிட்டு கேக்கறாங்க."

அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "துரு பிடிக்குதில்ல, அது மாதிரிதான். ஈரம் பட்ட கல்லு மேல ஒரு இடத்துல இரும்பும் கந்தகமும் கரைஞ்சு எலக்ட்ரானை விட்டுடும். அது கல்லுக்குள்ளயே ஓடி இன்னொரு இடத்துக்கு வரும். அங்க ஆக்சிஜன் அதை வாங்கிக்கும். வாங்கின ஆக்சிஜன் தண்ணியாயிடும், காத்துக்குத் திரும்பி வராது. ஒரு கல்லுன்னா ஒண்ணும் தெரியாது. மலை அளவு கல்லு."

"இத்தனை வருஷமா அது குடிக்கலையா?"

"குடிச்சுது. மேல திறந்து கிடந்துச்சு, காத்து வந்து போயிட்டு இருந்துச்சு. போன வருஷம் மழைத் தண்ணி இறங்கக் கூடாதுன்னு மேல களிமண் போட்டு மூடினாங்க. அப்புறம் குவியலுக்கு வாய்னா அந்தக் குழாய் ஒண்ணுதான். குளிர் நாள்ல குழாய் வழியா காத்து உள்ள போகும். வெயில் நாள்ல உள்ள இருக்கற குளுந்த காத்து கனத்து, கீழ வழிஞ்சு வெளிய வரும். அது குடிச்சு மிச்சம் வெச்ச காத்து. கொட்டகைல வந்து நிக்கும். இந்த வருஷத்து முதல் வெயில் நாள் அந்தத் திங்கட்கிழமைதான்."

நாத்தனார் நறுக்கிய காயைத் தட்டில் அள்ளிப்போட்டாள். பிறகு, "இவ்வளவு தெரிஞ்சவங்க ஒருத்தரும் யோசிக்கலையே" என்றாள்.

அந்தத் தெரிந்தவர்களில் தானும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். கல் ஆக்சிஜனை இழுக்கும் என்று பதினொரு வருஷமாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் எழுதிவந்தவள் அவள். அந்தக் கணக்கை ஒரு கொட்டகையோடும் அதற்குள் குனிகிற ஒரு மனுஷனோடும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

டிரைவர் ஒரு நாள் கூடத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வேலையை விடப்போவதாகச் சொன்னார். அந்த நாற்பது நிமிஷத்தை வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியவில்லை என்றார். உள்ளே போயிருந்தால் இரண்டு பேர் போயிருப்பீர்கள் என்று அதிகாரி சொன்னாளாம், அவருக்கு அது காதில் ஏறவில்லை.

அவள் கேட்டாள், "நீங்க போனப்போ கதவு திறந்திருந்துச்சா?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "சாத்தியிருந்துச்சு அக்கா. நான்தான் திறந்தேன். சாத்திக்கிட்டுதான் எடுப்பாரு. தூசி விழுந்தா வீட்டுல சோறு கிடைக்காதும்பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளரை வாங்கிக் கழுவிவைத்தாள்.

மறுநாள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். நான் எழுதியது, உங்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்று கொடுத்தாள். அதிகாரி படித்தாள். இதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்கவில்லை. அதற்காகவே அதிகாரியை அவளுக்குப் பிடித்தது. வெயில் ஏறும் நாளாகப் பார்த்து, கதவைச் சாத்தி ஒரு தடவை, திறந்துவைத்து ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்ப்பதாக மட்டும் சொன்னாள்.

பத்து நாளில் கூப்பிட்டு அனுப்பினாள். சாத்தியபோது தொட்டி ஓரத்தில் இரண்டு. அரைமணி நேரம் கதவைத் திறந்துவைத்த பிறகு அதே இடத்தில் ஒன்பது.

"ஒன்பது போதுமா?" என்று அவள் கேட்டாள்.

"போதாது. ரெண்டுல ரெண்டு மூச்சுல விழுந்துடுவாங்க. ஒன்பதுல கொஞ்ச நேரம் கிடைக்கும். தலை சுத்தறது தெரிஞ்சு வெளிய வந்திருக்கலாம். தெரியாமலே விழுந்தும் இருக்கலாம். இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. சொன்னா பொய்."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். அவள் போக வேண்டிய பஸ் வந்து நின்றது, போனது. அடுத்ததும் போனது. ஒன்பது என்று யாரோ பக்கத்தில் சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவள்தான் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஜாடிகள் இருபத்திரண்டாம் நாள் இரண்டுக்கு வந்தன. இன்னொரு கூடத்தின் எண்களும் ஏறக்குறைய அதையே சொல்லின. அறிக்கை அச்சாகி எல்லோர் கைக்கும் போகுமுன் நாத்தனாரிடம் அவளே சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், சாப்பாட்டு மேசையில், எதிரில் உட்கார்ந்து சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னது நான், அதை எழுத்தில் கொடுத்தது நான், அவர் அன்றைக்குச் சாத்தியிருந்தார்.

நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தூசிக்காகவா?" என்றாள்.

"ஆமா."

மறுநாள் காலையில் நாத்தனார் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தன்னோடு வேலை பார்க்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. போகும்போது மருந்துச் சீட்டை மட்டும் மறந்துவிட்டுப் போனாள். அவள் அதை உறையில் போட்டுத் தபால் அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டு வந்தாள். பக்கத்துக் கவுன்டரில்.

அறிக்கை வந்தது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். களிமண் மூடி போட்டவர்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை, கொட்டகையில் எச்சரிக்கைப் பலகை இல்லை, மாதிரி எடுப்பவருக்கு மீட்டர் தரப்படவில்லை. அவளுடைய சீட்டு பின்னிணைப்பில் ஒரு படமாக இருந்தது, குச்சி மனிதனோடு. யாரும் சிறைக்குப் போகவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டு, குழாயைத் திறந்த வாய்க்காலில் விடச் சொன்னார்கள். இனி இரண்டு பேராகத்தான் போக வேண்டும், கையில் மீட்டர் இல்லாமல் ஒருவரும் போகக் கூடாது என்றும் எழுதியிருந்தது.

புது ஆள் கிடைக்கும்வரை யார் போவது என்று பேச்சு வந்தபோது, அவள் தானே போவதாகச் சொன்னாள். மேலாளர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டிரைவர் இன்னும் வேலையை விட்டபாடில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா வந்தால் நானும் வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை போனார்கள். முதல் மூன்று இடமும் ஓடைக்கரை. நான்காவதில் வண்டி நின்றதும் டிரைவர் இறங்கவில்லை. அவளும் இறங்கச் சொல்லவில்லை, கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் போதும் என்றாள். மீட்டரைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். குவியல் அவள் நினைத்ததைவிடப் பெரியது, மேலே புல்கூட முளைத்திருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டையோடு சிமென்ட் தரை. வாய்க்காலில் விரல் தடிமனுக்குத் தண்ணீர், அடியில் ஆரஞ்சு நிறச் சேறு. மீட்டர் இருபது புள்ளி ஒன்பது காட்டியது. குனிந்தாள், இன்னும் இருபது புள்ளி ஒன்பதுதான். பாட்டிலை நிரப்பி மூடினாள். காற்று அடித்துக் கொஞ்சம் தூசி விழுந்தது. கொட்டிவிட்டு வேறு பிடிக்கலாமா என்று யோசித்தாள். சீட்டில் "தூசி உண்டு" என்று எழுதி ஒட்டிவிட்டு எழுந்தாள்.

இங்கே வந்தால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது இடத்தையும் முடித்துத் திரும்பி வரும்போது டிரைவர் தன் மகளின் பல்லுக்குக் கம்பி கட்ட எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டார், அவள் தெரிந்ததைச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் நாத்தனாரின் பெட்டி. நாத்தனார் நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள்.

"சரி."

"அங்க குளியலறைக் குழாய் விடிய விடிய ஒழுகுது. தூங்கவே முடியல. அதான் வந்தேன்."

"சரிம்மா."

"சரி சரின்னு சொல்லாதீங்க அண்ணி. ஏதாவது சொல்லுங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடினாள். "காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

நாத்தனார் எழுந்து அவள் பக்கம் பாராமலே சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. முட்டை இருக்கிறதா என்று உள்ளேயிருந்து கேட்டாள். இரண்டு இருக்கும் என்று அவள் சொல்லிவிட்டு, கால் கழுவப் போனாள்.